பன் இல்லாத பர்கரும் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும்

தெரியாத வார்த்தைகளால் மனிதர்களுக்குப் பெரிய கெடுதல் வருவதில்லை. தெரியாது என்பது நமக்கே தெரியும் என்பதால் யாரையாவது கேட்டுக்கொள்வோம். ஆளைக் கவிழ்ப்பவை தெரிந்த வார்த்தைகள்தான். என்னைக் கவிழ்த்தவை மூன்றே மூன்று. மூன்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என் கையாலேயே நீட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருந்தேன். வெளிநாட்டுப் பையர் கேட்பதை இங்கே தையல் பிரிவில் சொல்வது, இங்கே முடியாததைப் பையருக்கு நோகாமல் எழுதுவது, இதுதான் வேலை. நாள் முழுவதும் இங்கிலீஷில் மெயில் அடித்துக்கொண்டிருந்ததால், அவர்களுடைய வாழ்க்கையே எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு வந்திருந்தது. (அதுவரை நான் தாண்டியிருந்த ஒரே எல்லை வாளையார் செக்போஸ்ட்.)

சமையலைப் பொறுத்தவரை வெந்நீர் நன்றாகப் போடுவேன். நூடுல்ஸ், பக்கத்தில் அம்மா நின்றால் செய்வேன்.

இந்த நிலையில்தான் சாமளாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அப்பாவுக்குத் திருப்பூர் ராயபுரத்தில் எலாஸ்டிக், நூல், பட்டன் விற்கும் சின்னக் கடை. அந்தக் கடையை அடைத்துவிட்டு எனக்காக மாதக்கணக்கில் அலைந்து பிடித்த இடம். மாப்பிள்ளை பெங்களூரில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் இருந்தார். போட்டோ பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. (சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அம்மா பிற்பாடு சொன்னார்.)

வருவதற்கு முந்தைய வாரம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். எடுத்தது நான்.

“கண்ணு, சமைக்கத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பழகிக்கிறேனுங்க என்று சொல்லியிருந்தால் இன்னும் அழகு. நான் சொன்னது இது:

“தெரியுமுங்க. பர்கரெல்லாம் செய்வேனுங்க.”

“அப்படியா கண்ணு? எங்க பையன் பெங்களூர்ல இருந்தப்ப அதைத்தான் தின்னுட்டுக் கெடந்தானாம். அப்ப நாங்க வர்ற அன்னைக்கு அதையே பண்ணீரு. பஜ்ஜி, கேசரியெல்லாம் எல்லா ஊட்லயுந்தான் தர்றாங்க.”

போனை வைத்த பிறகுதான், பர்கரை நான் பார்த்ததெல்லாம் படத்தில் மட்டுமே என்பது நினைவுக்கு வந்தது.

முதல் சிக்கல் பன். எங்கள் தெருமுனை பேக்கரியில் பன் என்றால் ஜாம் பன், கிரீம் பன், தேங்காய் பன். எதை எடுத்தாலும் இனிக்கும். என் அதிர்ஷ்டத்துக்கு அந்த வாரம் பையர் தரப்பிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் துணி தரம் பார்க்க எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தார். மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். பெண் பார்க்கும் பகுதியை விட்டுவிட்டு, விருந்தினர் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார். பன் எதற்கு, என் வீட்டில் குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கைப் பொரித்துப் பவுலில் போட்டு, பர்கருக்குள் இருப்பதையெல்லாம் அதன் தலையில் கொட்டிக் கொடுத்துவிடுவேன் என்றார். உதிர்த்த கறி, உருகிய சீஸ், ஐஸ்பர்க் லெட்யூஸ், பிக்கிள், கடைசியில் மஞ்சளாக மஸ்டர்டு. மஸ்டர்டு தாராளமாக இருக்கட்டும் என்று கையால் வேறு ஊற்றிக் காட்டினார்.

எல்லாம் தெரிந்த வார்த்தைகள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். பிக்கிள் தெரியாதா? ஊறுகாய். மஸ்டர்டு? கடுகு. லெட்யூஸ் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருந்தது. அகராதியில் ஏதோ கீரை வகை என்று போட்டிருந்தது. ஐஸ்பர்க் என்றால் கடலில் மிதக்கும் பனிப்பாறை. இரண்டையும் கூட்டிப் பார்த்து, கீரையை உறைய வைத்துப் போடுகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலையிலேயே கடலை மாவை எடுத்து வைத்திருந்தார்.

“எதுக்கும் கொஞ்சம் பஜ்ஜி போட்டு வெச்சரலாம் அம்முணி.”

“பஜ்ஜி போட்டீன்னா நான் ரூமை விட்டே வரமாட்டேன்” என்றேன். அம்மா மாவை உள்ளே வைத்துவிட்டார்.

உருளைக்கிழங்கு நன்றாக வந்தது. அதை இங்கே பதிவு செய்துவிட விரும்புகிறேன். பெண் பார்க்கிற நாளில் வீட்டில் கறி எடுக்க மாட்டார்கள் என்பதால் கறிக்குப் பதில் மீல்மேக்கரை வேக வைத்து உதிர்த்து வதக்கினேன். அதுவும் பரவாயில்லை. சீஸ் டவுனில் ஒரு பெரிய கடையில் தேடி வாங்கியது. உருகும் என்று காத்திருந்தேன். அது அப்பா கடையின் இடுப்பு எலாஸ்டிக் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டேன்.

அந்த உறைந்த கீரைக்குப் பதிலாக ராத்திரியே ஃப்ரீசரில் வைத்திருந்த முட்டைக்கோஸ் இலைகள் கண்ணாடி வளையல் மாதிரி வெளியே வந்தன. உடைத்துத் தூவினேன். அதன் மேல் போன வருஷத்து எலுமிச்சை ஊறுகாய். ஜாடியை நான் கவிழ்ப்பதைப் பார்த்து அம்மா நின்றுவிட்டார்.

“வெள்ளக்காரங்க இத்தனை ஊறுகா திம்பாங்களா?”

“நெறையாத் திம்பாங்கம்மா.”

கடைசியாகக் கடுகு. ஒரு டம்ளர் நிறையப் பச்சைக் கடுகை மிக்சியில் போட்டுத் தண்ணீர் விட்டு அரைத்தேன். மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாரல்லவா, அதற்காக இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூள். மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“பச்சையா அரைச்சாக் கசக்கும் அம்முணி. தாளிச்சாவது போடு” என்றார் அம்மா.

“உனக்குத் தெரியாதும்மா.”

ருசி பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ருசி பார்ப்பது தன்னம்பிக்கை குறைந்தவர்களின் பழக்கம் என்று அந்த வயதில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

ஆம்னி வேனில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமன். மாப்பிள்ளையின் அப்பாவுக்குத் தறிக்கூடத்தை விட்டு வர முடியவில்லையாம். மாமா வந்தால் போதும், அவர் சொல்வதுதான் அந்தக் குடும்பத்தில் முடிவு என்று தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மாமாவுக்கும் விசைத்தறிதான் தொழில். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் எங்கள் சின்ன ஹாலிலும் அதே அளவில்தான் பேசினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, எடுப்பான மீசை.

பவுலைக் கையில் வாங்கிக்கொண்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க, இது என்னுங்க?”

“பர்கருங்க” என்றார் அப்பா பெருமையாக. “பன் மட்டும் இல்லீங்க.”

மாமா ஸ்பூனை நிறைத்து வாயில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பச்சையாக அரைத்த கடுகின் குணம் அது. வாயில் சாதுவாக இறங்கிவிட்டு மூக்கு வழியாக மண்டைக்கு ஏறும். முதலில் மீசை ஆடியது. பிறகு காது சிவந்தது. இரண்டு கண்களிலிருந்தும் தண்ணீர் பொலபொலவென்று வழிந்து சட்டைப் பையில் விழுந்தது.

“காரமாட்ட இருக்குதுங்களா?” என்றார் அப்பா.

“இல்லீங்க இல்லீங்க. நல்லாத்தானுங்க இருக்குது. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க.”

எங்கள் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒறம்பரையாக, அதாவது விருந்தாளியாகப் போன வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. உயிரே போனாலும் “வர்றனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போகும். மாப்பிள்ளையின் அம்மா முட்டைக்கோஸைக் கடித்தபோது ‘டக்’கென்று ஒரு சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, “குளுகுளுன்னு இருக்குதுங்க” என்றார்.

அப்பாவும் அதே மண்ணில் பிறந்தவர். விருந்தாளி பாத்திரம் காலியாகும் முன் மறுபடி போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “மாமாவுக்கு இன்னுங் கொஞ்சம் வெய்யி அம்முணி” என்றார். மாமா “போதுமுங்க” என்றார். போதும் என்றால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று அர்த்தம். மனிதர் கண்ணீர் விட்டு ரசிக்கிறாரே என்ற பூரிப்பில் கடுகு விழுதை நான் இரண்டு கரண்டி கூடுதலாகவே ஊற்றினேன்.

அடுக்களைக்குத் திரும்பியபோது அம்மா பாத்திரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏன் அம்முணி,” என்றார் மெதுவாக, “இதைத் தின்னுபோட்டுமா அவங்க இன்னும் எந்திரிச்சுப் போகாம உக்காந்திருக்காங்க?”

அப்போதுதான் நான் ஒரு வாய் வைத்தேன். நெற்றிக்கு நடுவில் யாரோ பட்டன் மெஷினை ஓட்டியது போல இருந்தது. அதன் பின்னால் கசப்பு வந்தது. அதன் பின்னால் எலுமிச்சை ஊறுகாய் வந்தது.

மிக்சியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். போட்டோவில் பார்த்த முகம் நினைவுக்கு வந்தது. கடையை அடைத்துவிட்டு அலைந்த அப்பா நினைவுக்கு வந்தார். எல்லாம் முடிந்தது என்று தெளிவாகத் தெரிந்தது. அழுகைகூட வரவில்லை. (கண்ணில் தண்ணீர் வந்தது. அது கடுகினுடையது.) ஹாலில் மாமாவின் குரல் கேட்டது. “வேணாமுங்க, நானே மெதுவாத் தின்னுக்கறனுங்க.” அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

எழுந்து ஹாலுக்குப் போனேன். மாமா கண்களை இறுக மூடிக்கொண்டு, கஷாயம் குடிக்கிற மாதிரி அடுத்த ஸ்பூனைத் தூக்கிக்கொண்டிருந்தார். நேராகப் போய் அவர் கையிலிருந்து பவுலைப் பிடுங்கினேன்.

“சாப்பிடாதீங்க மாமா. நல்லா இல்லீங்க.”

பெண் பார்க்க வந்த மாமன் கையிலிருந்து பெண்ணே பவுலைப் பிடுங்கியது எங்கள் சனத்தில் அதற்கு முன் நடந்ததாகத் தகவல் இல்லை. அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றார். மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“செரி கண்ணு,” என்றார், முதல் தடவையாகச் சின்னக் குரலில். “நீ சொன்னாச் செரி.”

அப்போது மாப்பிள்ளை வாயைத் திறந்தார். அதுவரை அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அவருடைய பவுல் வழித்துத் துடைத்தது போல் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“அதை எனக்குக் குடுத்துருங்க” என்றார்.

கொடுத்தேன். சாப்பிட்டார். மாமா, அவருடைய அக்கா, என் அப்பா, நான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முழுவதையும் சாப்பிட்டார்.

போகும்போது, “போயிட்டுச் சொல்லியனுப்பறோமுங்க” என்றார்கள். அதற்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா கடலை மாவை எடுத்துக் கரைத்தார். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பஜ்ஜி தின்றோம். அன்று சாயங்காலமே போன் வந்தது. சம்மதமாம். அப்பா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, “எங்க ஊட்டுக்குத்தான் பேசறீங்களா?” என்று கேட்டார்.

நிச்சயத்துக்குப் பிறகு மாப்பிள்ளை என்னிடம் போனில் பேசினார். உண்மையிலேயே பிடித்துத்தான் சாப்பிட்டீர்களா என்று முதல் வேலையாகக் கேட்டேன்.

“உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாதுங்க” என்றார். “எனக்கு ஒரு வாரமாச் சளி. வேது புடிச்சும் போகல, கொள்ளு ரசம் குடிச்சும் போகல. மூக்கு சுத்தமா அடைச்சுக் கெடந்துச்சுங்க. உங்க ஊட்ல மொத வாய் வெச்சதும் ஒரு பக்கம் தொறந்துச்சு. பவுல் முடியறப்ப இன்னொரு பக்கம் பாதி தொறந்துச்சு. பாதியில எப்படிங்க விடறது?”

அவருக்கு ருசி எதுவும் தெரியவில்லை. உருளைக்கிழங்கு என்பது மட்டும் தெரிந்ததாம். அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்தது என்பதால் அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

மாமா ஏன் சம்மதித்தார் என்பது கல்யாணப் பந்தியில் அவரே உரத்த குரலில் சொல்லித்தான் தெரிந்தது. “நல்லா இருக்குதுன்னு நானுஞ் சொல்றேன், எங்கக்காளுஞ் சொல்லுது, அவங்கப்பன் இன்னுங் கொஞ்சம் போடறாரு. இப்படியே போனா நான் அங்கயே செத்திருப்பேன். அந்த ஊட்ல நெசத்தைச் சொல்ல ஒரு ஆளு இருந்துச்சு பாரு. அப்பவே முடிவு பண்ணீட்டேன்.”

அதன் பிறகு நான் சமையல் கற்றுக்கொண்டேன். அந்த அம்மாள் சொன்ன பிக்கிள் வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், மஸ்டர்டு பாட்டிலில் வரும் சாதுவான சாஸ், ஐஸ்பர்க் என்பது உறைய வைக்காத பச்சை லெட்யூஸில் ஒரு வகையின் பெயர் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. நன்றாகவே சமைப்பேன். பிரயோஜனம் இல்லை. சாமளாபுரத்தில் என் பெயர் ஒரு மருந்தாகவே நிலைத்துவிட்டது. தெருவில் எந்தக் குழந்தை தும்மினாலும் மாமியார், “எங்க மருமகளை ஒரு பர்கர் பண்ணச் சொல்லட்டுமா?” என்பார். குழந்தை ஓடிவிடும். பாதிக் குழந்தைகளுக்கு அத்துடன் சளியும் நின்றுவிடுவதாக அவர் சொல்கிறார்.

மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. போன மார்கழிப் பனியில் ஒருநாள் காலை அவரிடமிருந்து போன். அவராகக் கூப்பிடுகிற ஆள் இல்லையே என்று பதறிப்போய் எடுத்தேன். மூக்கு முழுக்க அடைத்து, ‘ம’ எல்லாம் ‘ப’வாகிப் போன குரல்.

“அப்புணி, பக்கத்து ஊட்டுக்காரங்க ஏதாச்சுப் சொல்லுவாங்க. அதை நப்பாத. எனக்குச் சளியெல்லாப் ஒண்ணுபில்ல.”