தோளில் ஏறிய மஞ்சள்

எனக்குத் தையல் தெரியும் என்று நானே நம்பிய காலம் ஒன்று உண்டு. முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் இருபத்தோரு வயதில், தையல் பரீட்சை பாஸான புதிதில், அது மலையளவு இருந்தது. (எங்கள் ஊர் திருவண்ணாமலை. மலையளவு என்றால் எவ்வளவு என்று எனக்குச் சரியாகவே தெரியும்.)

எண்பதுகளின் ஆரம்பம். செங்கம் ரோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை காலியாக இருந்தது. நேர்முகத்துக்கு வரும்போது சொந்தமாகத் தைத்த உடுப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். மற்ற பெண்களெல்லாம் பாவாடை, கவுன் என்று ஒழுங்காகக் கொண்டுபோனார்கள். நானும் அப்படிச் செய்திருந்தால் வீட்டில் இத்தனை வருஷம் என்னை ஓட்ட விஷயமே இருந்திருக்காது.

ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு ஒரு கவர் கொடுத்திருந்தார். உள்ளே மெல்லிய காகிதத்தில் ஒரு லேசான மழைக்காலக் கோட்டின் அளவு வடிவங்கள்: முன்பக்கம், முதுகு, காலர், கை. காகிதத்தைத் துணிமேல் வைத்து வெட்டி, குறியோடு குறி சேர்த்துத் தைத்தால் கோட்டு ரெடி. திருவண்ணாமலை வெயிலில் கோட்டு எதற்கு என்று அம்மா கேட்டாள். நான் போய் நீலப் பாப்ளின் துணி வாங்கிவந்தேன். அதோடு நிற்காமல் வேலை விஷயத்தைத் தெருவிலும் சொல்லிக்கொண்டு போனேன். முதல் வீட்டில் "கெடைச்ச மாதிரிதான்" என்று ஆரம்பித்தது, ஐந்தாவது வீட்டுக்குள் "கெடைச்சிடுச்சு" ஆகிவிட்டது.

வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் உடம்பு, காலர், ஜிப், இடது கை எல்லாம் முடிந்தது. வெட்டிய வலது கை மட்டும் மெஷின்மேல் கிடந்தது. அதன் உச்சியில், தோளோடு சேரவேண்டிய இடத்தில், மஞ்சள் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் மூலையில் மஞ்சள் தடவாமல் புதுத்துணி உடுத்த முடியாது. நேர்முக நாளான வெள்ளிக்கிழமை காலை அம்மா குளித்துவிட்டு விரலில் மஞ்சளோடு வந்திருக்கிறாள். கோட்டு இன்னும் முழுசாகவில்லை. கண்ணில் பட்ட அந்தக் கைத்துண்டை எடுத்து, உதறி, ஒரு மூலையில் மஞ்சள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உதறியதில் என் சாக்பீஸ் புள்ளி போய்விட்டது. மூலை என்று அவள் பார்த்தது கக்கத்தில் வரவேண்டிய முனை.

நான் வந்தேன், ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன், தோளோடு சேர்த்தேன், மெஷினை மிதித்தேன். துணி சரியாக உட்காரவில்லை. இழுத்து உட்கார வைத்தேன். பரீட்சை பாஸானவளிடம் ஒரு பாப்ளின் துண்டு வாலாட்டுவதா?

"போட்டுப் பாருடி" என்றாள் அம்மா. உடனே, "வேணாம், ராகுகாலம் வந்துடும், கெளம்பு!" என்று அவளே துரத்தினாள். கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "கோட்டா? போட்டுக் காட்டும்மா."

போட்டேன். ஜிப்பைக் கழுத்துவரை ஒரே இழுப்பாக இழுத்தேன். இடது கை அடக்கமாக நின்றது. வலது கை தானாக மேலே போனது.

"என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ கைய கீழ போடு."

"போட முடியலைங்க."

அவரே எழுந்துவந்து என் கையை அமுக்கினார். கை இறங்கியது, கோட்டு காதுவரை ஏறியது. விட்டார். கை மறுபடி மேலே போனது. கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "போய் அடுத்தவங்கள வரச் சொல்லும்மா" என்றார். கழற்றலாம் என்றால் ஜிப் துணியைக் கடித்துக்கொண்டு அசையவில்லை. அப்படியே வெளியே வந்தேன்.

ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு பஸ் நின்றது. "கை காட்டிட்டு ஏறாம நிக்கிறியே, வாம்மா!" என்று கண்டக்டர் கத்தினார். ஏறி மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்கு நான் சாதாரணப் பெண்ணாகத் தெரிந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஆள் நின்றது. நான் கையைத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் எல்லாரும் பதிலுக்குக் கையாட்டினார்கள். எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து என் வாயில் சர்க்கரையைப் போட்டு, "டீச்சரம்மா!" என்று கன்னத்தைக் கிள்ளினார். இனிப்பை முழுங்கியபடியே அழுதேன். அதையும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள்.

உள்ளே அம்மா கத்தரியால் ஜிப்பை வெட்டி என்னை மீட்டாள். கோட்டைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, நான் மூலையில வச்ச மஞ்சள் தோள்மேல எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. "எல்லாம் உன்னாலதான்!" என்று கத்தினேன்.

"நான் மஞ்சள்தான் வச்சேன். கக்கத்தைத் தூக்கித் தோள்மேல வச்சது யாரு?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது, அழுகை நிற்பதற்கு முன்னாலேயே.

அடுத்த வருஷம் அதே வேலை மறுபடி காலியானது. வெட்கத்தை விட்டு ஒரு பாவாடையோடு போனேன். தலைமையாசிரியை அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டு கையும் கீழ வருதாம்மா?" என்றார். "வருதுங்க மேடம்" என்று ஆட்டிக் காட்டினேன். வேலை கிடைத்தது. தெருவில் சொன்னால் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு வருஷமாக நான் எந்தப் பள்ளிக்கும் போகாததை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன தீபாவளிக்குப் பேத்தியின் சுடிதாரை வெட்டிவைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனேன். மெஷின் பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏண்டி டீச்சர், விரல்ல மஞ்சளோட நிக்கிறேன். இது தோளா, கக்கமா?"