காலாவதி அண்ணனும் என் வலது கண்ணும்

எமன் பாசக்கயிறோடு வாசலில் வந்து நின்றாலும், "இருங்க, இந்தக் கயிறு எப்ப திரிச்சது? தேதி எங்க போட்டிருக்கு?" என்று கேட்டு அவரைத் திருப்பி அனுப்பக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ரூமில் என்னோடு தங்கியிருந்தார்.

அம்மா அப்பா வைத்த பேர் அவருடைய ஆதார் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கெல்லாம் அவர் காலாவதி அண்ணன். பிஸ்கட், சிப்ஸ், ஜூஸ் பாட்டில் எல்லாம் கடைகளுக்குப் போடும் ஏஜென்சி ஒன்றில் வேலை. மற்றவர்கள் சரக்கு போடப் போவார்கள்; இவர் எடுக்கப் போவார். தேதி முடிந்த பாக்கெட்டுகளைக் கடை கடையாகத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வருவதுதான் தொழில். அந்தத் தொழில் கைக்குள் நிற்காமல் தலைக்கு ஏறிவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர். ரூமுக்குள் எது நுழைந்தாலும் அதன்மேல் தேதி எழுதிவிடுவார். சோப்பு டப்பா, பல் துலக்கும் பிரஷ், தண்ணி கேன், தலையணை உறை எல்லாவற்றிலும் தேதி. நான் சலூனுக்குப் போய்விட்டு வந்தபோது என் பிடரியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அன்றிலிருந்து நான் அவருக்கு முதுகைக் காட்டுவதில்லை.

எதிரே டீக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கும் அவருக்கும் தினமும் சண்டை.

"அக்கா, இந்த வடை சட்டில எண்ணெய் என்னைக்கு ஊத்துனது?"

"ஒனக்கு வடை வேணுமா, என் சாதகம் வேணுமா?"

"தேதி சொல்லுங்கக்கா, போதும்."

"நான் எண்ணெயை மாத்துறது இருக்கட்டும். நீ அந்தச் சட்டையை எப்பப்பா மாத்துவ?"

கடையே சிரிக்கும். அண்ணன் மட்டும் சிரிக்காமல் வெறும் டீயைக் குடித்துவிட்டு வருவார். ஒருமுறை நான் ஊரிலிருந்து பஞ்சாமிர்தம் கொண்டு வந்தேன். அதையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தேதி தேடினார்.

"சாமி குடுத்ததுக்குமா தேதி பாக்குறீங்க?"

"சாமி குடுத்தது சரிடா. டப்பால அடைச்சது மனுசன்தானே?"

இந்த மனுசனோடு குடியிருந்துகொண்டு நான் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன். எவ்வளவு துணிச்சல் பாருங்கள்.

எனக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பிளஸ் டூவில் மனஸ்தாபம் ஏற்பட்டு, செல்போன் சர்வீஸ் கற்றுக்கொண்டு பெரம்பலூரில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். கண்ணில் மைனஸ் பவர், சோடாபுட்டிக் கண்ணாடி. சால்டரிங் வைக்கும்போது புகை படிந்து கண்ணாடி மங்குகிறது, அதனால்தான் லென்ஸ் என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையான காரணம், ஊரில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். போட்டோவில் கண்ணாடிதான் இருந்தது, நான் இல்லை.

கண்ணாடிக் கடையில் இருந்த அக்கா பொறுமையாகச் சொன்னார். தினமும் தூக்கிப் போடுற லென்ஸ் இருக்கு, ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கு, மாசத்துக்குள்ளதும் இருக்கு என்றார்.

"வருசத்துக்கு ஒன்னு இல்லீங்களாக்கா?"

"அது காலண்டர் தம்பி."

மாச லென்ஸை வாங்கினேன். பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து கணக்கு. நடுவில் நாலு நாள் போடாமல் இருந்தாலும் அந்த நாலு நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள முடியாது. லென்ஸ் ஊறுவதற்குத் தினமும் புது சொல்யூஷன் ஊற்ற வேண்டும், பழசின் மேலேயே ஊற்றக் கூடாது. தண்ணீர் படக் கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. ஊற வைக்கிற டப்பாவையும் மூணு மாசத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன்.

மாசம் ஒன்று ஓடியது. லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. கிழியவில்லை, உடையவில்லை. நன்றாக இருப்பதைத் தூக்கிப் போட எந்த வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? நம் வீட்டில் பற்பசையைக்கூட வெட்டி வழித்துத்தானே எடுப்போம்! அப்படியே ஓட்டினேன். காலாவதி அண்ணன் மோப்பம் பிடித்துவிட்டார்.

"டேய், அந்தக் கண்ணுக்குள்ள போடுறத எப்ப மாத்தணும்?"

எனக்கு அந்த நாளுக்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. லென்ஸ் வந்த காலி பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே படிங்கண்ணே. நீங்க நம்புற தேதி."

படித்தார். இன்னும் சில வருஷங்கள் தள்ளிப் போட்டிருந்தது. மறுபடி படித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தேதி அவரைத் தோற்கடித்துவிட்டது. பாக்கெட்டை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் எதிர்க்கடை அக்காவுக்குப் போன் போட்டு வெற்றிச் செய்தியைச் சொன்னேன்.

மறுநாள் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றார்.

"பிஸ்கட் பாக்கெட்ல ஆறு மாசம்னு போட்டிருக்கும். பிரிச்சு வெச்சா ஆறு மாசத்துக்கு மொறுமொறுன்னு இருக்குமாடா?"

வாயில் நுரையோடு, இருக்காது என்று தலையாட்டினேன்.

"அந்தத் தேதி பிரிக்காததுக்குடா மடையா!"

அன்றைக்கே புது ஜோடி போட வைத்தார். டப்பாவின் மூடியில் மார்க்கரால் தேதி எழுதினார். எழுதும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி மூடியைப் பார்ப்பார். பழைய தேதி இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆனால் நான் செல்போன் கடைக்காரன். போர்டு துடைக்க வைத்திருக்கும் தின்னரைப் பஞ்சில் தொட்டு லேசாக இழுத்தால் மார்க்கர் மை போன இடம் தெரியாது. அவர் கையெழுத்து எனக்கு அத்துப்படி. ஒண்ணாந்தேதி காலையில் அவர் எழுவதற்கு முன்னால் மூடியில் புதுத் தேதி எழுதிவிடுவேன். உள்ளே கிடப்பது அதே பழைய லென்ஸ். அவர் மூடியைப் பார்த்து, "பரவால்லடா, திருந்திட்ட" என்பார். நானும் பணிவாக, "எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுண்ணே" என்பேன். தேதி மாறியது. லென்ஸ் மாறவே இல்லை.

கண் மட்டும் மெல்ல முறைத்துக்கொண்டது. சாயங்காலமானால் உள்ளே மணல் விழுந்த மாதிரி உறுத்தும். பல்பைப் பார்த்தால் சுற்றிலும் புகை. ஒருநாள் அரியலூருக்கு ஸ்பேர் வாங்கப் போனேன். வழி முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரி. மூக்கு, வாய், புருவம் எல்லாம் வெள்ளை. உறுத்தல் தாங்காமல் லென்ஸைக் கழற்றிக் குடிதண்ணி பாட்டிலில் அலசி மறுபடி போட்டுக்கொண்டேன். சொல்யூஷன் ரூமில் இருந்தது. அறிவும் அங்கேயே இருந்திருக்கும்.

ரெண்டு நாளில் வலது கண் தக்காளி. திறந்தால் கண்ணீர், வெளிச்சம் பட்டால் ஊசி. கடையில் ஒரு போனைப் பிரித்தேன். திருகு ரெண்டு ரெண்டாகத் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூடத் தெரியவில்லை. முதலாளி, "கண்ணு சரியானா வாப்பா, இல்லன்னா வேற ஆள்தான் பாக்கணும்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாகச் சொன்னதைக் கேட்டு, கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு எழுந்தேன்.

டீக்கடை அக்கா பார்த்துப் பதறிப்போனார். "நந்தியாவட்டைப் பூவ வெச்சுக் கட்டு தம்பி, சூடு எறங்கிரும்." ஓடிப்போய்ப் பூவோடு வந்தும்விட்டார். காலாவதி அண்ணன் குறுக்கே கையை நீட்டினார்.

"பூ என்னைக்குப் பறிச்சது?"

"அட, இப்பத்தான்யா பறிச்சேன்!"

"இப்பப் பறிச்சிருந்தாலும் கண்ணுல ஒன்னும் வைக்கக் கூடாது. எந்திரிடா."

ஏஜென்சியின் குட்டியானை லோடு வண்டியில் என்னை ஏற்றி, நேரே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "லென்ஸ் போட்டு எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் டப்பாவைப் பெருமையாக நீட்டினார். "இந்தா இருக்கு பாருங்க மேடம். மாசம் தவறாம மாத்துறான். நாந்தான் தேதி போட்டுப் பழக்குனேன்."

டாக்டரம்மா மூடியைப் பார்த்தார். உள்ளே கிடந்த லென்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இந்த லென்ஸ் ஒரு மாசத்து லென்ஸ் மாதிரி இல்லையே தம்பி. உண்மையச் சொல்லு, அதுக்கேத்த மருந்துதான் குடுக்கணும்."

"தேதிய மட்டுந்தான் மாத்துனேன் மேடம்."

கருவிழியில் புண் என்றார். ஓரத்தில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்து நடுவுக்கு வந்திருந்தால் தழும்பு நின்று பார்வையே மங்கிப் போயிருக்கும். இப்போதும் புண் மருந்துக்குக் கேட்டால்தான் உறுதி என்றார். மணிக்கு ஒருதரம் சொட்டு மருந்து. லென்ஸ் பக்கமே போகக் கூடாது.

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடை வாசலில் வெயில் பட்டு வியர்த்துப்போன பன் பாக்கெட்டுகள் தொங்கின. சாதாரண நாளாக இருந்தால் அண்ணன் வண்டியை நிறுத்தி, இறங்கி, கடைக்காரரோடு மல்லுக்கட்டியிருப்பார். அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டரம்மா சொன்னபோது வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

ரூம் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டார்: "ரொம்ப வலிக்குதாடா?"

அவ்வளவுதான். திட்டு இல்லை. சட்டைப் பையில் மார்க்கரும் இல்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். "ரூம்ல விட்டா நீ மருந்து பாட்டில்லயும் எதையாச்சும் மாத்துவ" என்றார். பழைய சரக்கு எடுக்க அவர் லைன் போகிற ஊரெல்லாம் நானும் போனேன். முன் சீட்டில் வெயில் அடித்ததால், பின்னால் தார்ப்பாய்க்குக் கீழே, திரும்ப எடுத்த பிஸ்கட் மூட்டைகளுக்கு நடுவில் எனக்குப் படுக்கை. அவர் போனில் மணிக்கு ஒருதரம் அலாரம் அடிக்கும். பாதி பேச்சில் கடைக்காரரை விட்டுவிட்டு ஓடிவந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் இமையை விலக்கி ஒரு சொட்டு விடுவார். சொட்டு பாதி நேரம் காதுக்குள் போகும்.

குரும்பலூரில் ஒரு மளிகைக் கடைக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மூட்டைகளுக்கு நடுவில் ஒற்றைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இந்தப் பையனும் ரிட்டனா?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. காலாவதி அண்ணன் மருந்து பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்:

"இல்லீங்க. இவனுக்கு இன்னும் தேதி இருக்கு."

தார்ப்பாய் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் மருந்து விட்டால் தண்ணி வருவது சகஜம்தான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா என் இடது கண்ணை மறைத்து, சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். பழைய சோடாபுட்டியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். பெரிய எழுத்து வந்தது. அடுத்த வரி வந்தது. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு அண்ணனும் சத்தமாகப் படித்தார்.

"நீங்க சும்மா இருங்க சார், அவரு படிக்கட்டும்."

"இல்ல மேடம், தடுமாறிறப் போறான்னு..."

"தடுமாறுறானான்னு பாக்கத்தான் இந்த டெஸ்ட்டே!"

கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படித்துவிட்டேன். தழும்பு இல்லை, தப்பிச்சிட்ட என்றார் டாக்டரம்மா. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றார். கிளம்பும்போது டாக்டரம்மா, "இந்தச் சொட்டு மருந்தையும் பிரிச்சு ஒரு மாசமானா தூக்கிப் போட்டுருங்க, மிச்சம் இருந்தாலும்" என்றார். பல நாள் கழித்து அண்ணன் முகத்தில் வெளிச்சம். வெளியே வந்ததும் என் காதில் சொன்னார்: "மேடம் நம்ம கட்சிடா!"

டாக்டரம்மா சரி என்று சொன்ன பிறகுதான் புது லென்ஸும் புது டப்பாவும் வாங்கினேன். மார்க்கரும் ஒன்று வாங்கி அவர் முன்னால் நீட்டினேன்.

"எழுதுங்கண்ணே."

"எழுத மாட்டேன். பழசை என் கண்ணு முன்னாடி குப்பைல போடுவியா?"

"போடுவேண்ணே."

"அப்பக் குடு."

அதற்குப் பிறகு ஒண்ணாந்தேதி எங்கள் ரூமில் ஒரு சடங்கு. நான் பழைய லென்ஸைக் குப்பைக் கூடையில் போடுவேன். அவர் குனிந்து பார்த்து உறுதி செய்வார். பிறகு மார்க்கர் திறக்கும். சாயங்கால உறுத்தல் போயே போய்விட்டது. கடையில் திருகு திருகாகத் தெரிகிறது. பெண் வீட்டாரும் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தமுறை அவர்கள் கண்ணுக்கு நான் தெரிந்திருக்கிறேன்.

அண்ணன் இப்போது பெரம்பலூரில் இல்லை. சொந்த ஊரான திருமானூர் பக்கமே வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் ஒண்ணாந்தேதி காலையில் போன் வந்துவிடும். ஹலோ கிடையாது, நல்லாருக்கியா கிடையாது.

"மாத்துனியா?"

எழுந்ததும் முதல் வேலையாகப் பழசைத் தூக்கிப் போட்டு, புது லென்ஸ் மாட்டி, மூடியில் தேதியும் எழுதிவிட்டுத்தான் அந்தப் போனுக்காக உட்கார்ந்திருப்பேன். இருந்தாலும், "இன்னும் மாத்தலண்ணே" என்றுதான் சொல்வேன்.

அவ்வளவுதான், ஆரம்பித்துவிடுவார். அவர் திட்டி முடிக்கும்வரை போனைக் காதோடு வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே டீக்கடைப் பலகையில் இருக்கிற எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பேன். எல்லா எழுத்தும் தெளிவாகத் தெரியும்.