அருவிக்கரையில் கட்டிய வீட்டு வரி

கம்ப்யூட்டர் டீச்சர்களுக்குப் பொதுவாக ஒரு வியாதி உண்டு. வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எனக்கு அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில் நடந்தது இது.

சுரண்டையிலிருந்து தென்காசிக்குக் கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் மாமனார் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழங்கால் வலியோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்று வீட்டு வரி கட்டி, ரசீதை மடிக்காமல் கொண்டுவருவார். அந்தத் தடவை அவர் கிளம்பும்போது, "ஆன்லைன்ல ரெண்டு நிமிசம் மாமா, நான் கட்டுதேன்" என்று சொல்லிவிட்டேன். (என்னை யாரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

மறுநாள் சாரலுக்குக் குடும்பத்தோடு குற்றாலம் போனோம். ஐந்தருவியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வரி ஞாபகம் வந்தது. எண்ணெய் விரலாலேயே மொபைலை எடுத்து, படம்பிடித்து வைத்திருந்த பழைய ரசீதைப் பார்த்து வரி எண்ணை அடித்தேன். வீட்டுக்காரர் பெயர், முகவரி எல்லாம் திரையில் வந்தது. "படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்கட்டி" என்று பிள்ளைகளிடம் தினமும் கத்துகிற நான், படிக்காமல் அமுக்கினேன். தொகை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. வரியை ஏற்றிவிட்டார்கள் போல என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேன். கட்டுகிறவர் பெயரைக் கேட்டது. என் பெயரை இனிஷியலோடு அடித்தேன்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மருமகள் அருவிக்கரையில் நின்றே வரி கட்டிவிட்டாள் என்று காலையில் கூட நடக்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பத்து நாள் கழித்து, பக்கத்து வீட்டு மாடசாமி அண்ணாச்சி எங்கள் வாசலில் வந்து நின்றார். அவருக்கும் மாமாவுக்கும் நாலு வருடமாகப் பேச்சு இல்லை. அவர் வீட்டு மாடித் தண்ணீர்க் குழாய் எங்கள் பக்கம் கொட்டுகிறது என்பதுதான் சண்டை. (சீசனில் நம்ம பின்வாசல் அருவிக்கும் டிக்கெட் போடலாம் என்பார் என் கணவர்.)

அண்ணாச்சி கையில் ஒரு தாள் இருந்தது. வரி கட்டப் போனாராம். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்று ரசீதை எடுத்துக் கொடுத்தார்களாம். அதில் என் பெயர். எங்கள் எண் ஆறில் முடியும், அவருடையது ஐந்தில். விரல் எங்கே வழுக்கியது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பின்னால் வந்து நின்ற மாமாவைப் பார்த்தார்.

"ஒரு கொழாய திருப்ப மனசில்லாம நாலு வருசம் இருந்துட்டேன். நீங்க என்னன்னா எனக்கு வரி கட்டுதீங்க. ஆள வரச்சொல்லி கொழாய திருப்பிட்டுத்தான் வாரேன்."

மாமா ரசீதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அக்கம்பக்கத்துல இதெல்லாம் ஒரு காரியமா" என்றார் மாமா, நிதானமாக. அண்ணாச்சி நீட்டிய பணத்தையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். (வாங்கியிருக்கலாம். அது என் சம்பளம்.) இருவரும் காபி குடித்து, நாலு வருடப் பேச்சையும் பேசி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அவர் போனதும் மாமா என் பக்கம் திரும்பினார்.

"யம்மா, அப்ப நம்ம வீட்டு வரிய யாரு கட்டுனது?"

மறுநாள் நகராட்சி வரிசையில் மாமாவுக்குப் பின்னால் நானும் நின்றேன். அவர் வரச்சொல்லவில்லை, வீட்டில் இருக்க எனக்குத்தான் முகமில்லை. இந்த வயதில் எதற்கு அலைகிறீர்கள், ஆன்லைனில் கட்டலாமே என்று கவுண்டரில் இருந்தவர் அக்கறையாகக் கேட்டார்.

மாமா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல அந்த வசதி இல்ல சார்" என்றார்.

அண்ணாச்சியிடம் இன்றுவரை யாரும் உண்மையைச் சொல்லவில்லை. எங்கள் சொந்தத்தில் யாராவது இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால் போதும், "அவுங்க வீட்டு வரி நம்பர வாங்கி நம்ம புள்ளட்ட குடுங்க, முடிச்சிருவா" என்பார் மாமா. இலத்தூர் சித்தப்பாவுக்கும் ஆலங்குளம் அத்தைக்கும் இப்போது பேச்சு இல்லை. போன வாரம் இரண்டு பேருமே அவரவர் வீட்டு வரி நம்பரை அனுப்பியிருக்கிறார்கள்.