வெள்ளாவியை மிரட்டிய புலி

பினாங்குத் தீவிலேயே வெள்ளாவியைப் போல ஆடியவனும் கிடையாது, அவனைப் போலப் பயந்தவனும் கிடையாது. அந்தப் பயம்தான் அவனுக்கு ஆட்டமே சொல்லிக் கொடுத்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். நான் அவனோடு ஒரே மேடையில் நின்ற பபூன், எனக்குத் தெரியும்.

அவனுடைய சொந்தப் பெயர் எங்கள் நாடகக் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. ஆயர் ஈத்தாம் சாலைப் பக்கம் ஆற்றோரத்தில் அவன் அப்பாவுக்குச் சலவைத் தொழில். எங்கள் வேஷ உடுப்புகளை வெளுத்து மூட்டை கட்டி அவன்தான் தூக்கி வருவான். அதனால் வெள்ளாவி.

டிராம் வண்டி மணியடித்தால் ஒரே தாவலில் சாக்கடைக்கு அந்தப் பக்கம் நிற்பான். நாய் குரைத்தால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றுவான். சீனர்களின் சாவு ஊர்வலம் மேளத்தோடு வந்துவிட்டால், தாளம் தப்பாமல் உடம்பு முழுக்க நடுங்கும். மிச்சப் பாடம் எங்கள் கொட்டகையில். மேடையின் பின்படுதாவில் ஒரு கிழிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்து, எங்கள் பெண்வேடக்காரர் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, படுதாவுக்குப் பின்னால் இவனும் ஆடுவான்.

எல்லாப் பயத்துக்கும் பெரிய பயம், அப்பா. "மேடையில கால வச்சே, அந்தக் கால ஒடிச்சி ஆத்துல போட்டுருவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற மனுஷன்.

ஒருநாள் பெண்வேடக்காரருக்குக் குளிர்காய்ச்சல். கொட்டகையில் கூட்டம் விசிலடிக்கிறது. முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் வெள்ளாவியைக் காட்டினேன்.

"ஐயோ வேணாம்ணே! அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுருவாரு."

"அவரு என்னைக்குடா நாடகத்துக்கு வந்தாரு? வரமாட்டாருலா!"

"நெசமாவா? வரவே மாட்டாருல்ல?" கேட்டானே தவிர, கண் பெண்வேடக்காரரின் சலங்கையை விட்டு அகலவில்லை. "ஒரே ஒரு தடவ ஆடிப் பாத்துர்றேண்ணே. அப்புறம் செத்தாலும் பரவால்ல."

காட்டில் வழி தவறிய ராணியைப் புலி துரத்தும் காட்சி. அவன் ராணி, நான் புலி. திரை தூக்கியதும் வெள்ளாவி பிரமாதமாக ஆடினான், சபைக்கு முதுகைக் காட்டியபடி! படுதாவைப் பார்த்தே ஆடிப் பழகியவன், மேடையிலும் படுதாவைப் பார்த்துதான் நின்றான்.

"ஏ ராணி, மூஞ்சியக் காட்டுலா!" என்று கூச்சல். வேறு வழியில்லாமல், துரத்த வேண்டிய புலியே போய் ராணியின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டது.

திரும்பியவன் பார்த்தான். முதல் பெஞ்சில் அப்பா. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். துணிக்கொடிக்கு முட்டுக்கொடுக்கும் மூங்கில் கழி அவர் கையில் இருந்தது.

வெள்ளாவியின் கண் பிதுங்கியது, உதடு கோணிக்கொண்டது. கால்கள் தானாகத் தாவின, சுழன்றன. அப்படி ஒரு பயத்தை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. பெண்கள் பிள்ளைகளை இறுக்கிக்கொண்டார்கள். எனக்கு உறுமவே மறந்துவிட்டது.

அப்பா எழுந்தார். மேடையில் ஏறினார். வெள்ளாவி கண்ணை மூடிக்கொண்டான். பார்க்கத் தைரியமில்லாமல் நானும் தலையைக் குனிந்துகொண்டேன். கழி விழுந்தது. என் முதுகில்!

"எம்புள்ளையவா மிரட்டுற?" இன்னொரு அடி. "அவன் பயந்த புள்ளன்னு தெரியாதா ஒனக்கு?"

அந்தப் புலி உடுப்பை முந்தாநாள்தான் தன் கையாலேயே வெளுத்து அனுப்பியிருந்தார். அதெல்லாம் அப்போது அவருக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது? கழியை வீசிவிட்டு மகனைச் சேர்த்து அணைத்தார்.

"பயப்படாத ஐயா. அப்பா இருக்கேன்லா."

நாடகத்தில் இதுவும் உண்டென்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். ராணி அப்பாவின் தோளில் முகம் புதைத்துத் தேம்பினாள். கீழே கிடந்த புலியும் அழுதது. அடி தாங்காமல் அழுதேன் என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன், வெள்ளாவியிடமும்கூட. சுத்தப் பொய். அந்தப் பயந்தாங்கொள்ளியை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.