குரியாச்சன் கணக்குக்குப் போட்ட காவல்

பக்கத்து வீட்டுப் பைலியின் முகநூல் கணக்கை எவனோ திருடி, அவர் பெயரைச் சொல்லி, இல்லவே இல்லாத ஒரு பசுமாட்டை விற்கக் கிளம்பினான். காஞ்சிரப்பள்ளி ஊரே சிரித்தது. குரியாச்சன் மட்டும் சிரிக்கவில்லை. சபதம் எடுத்தார்.

"சோசாம்மா! என் கணக்குல ஒரு பய கை வைக்க முடியாது. பாஸ்வேர்டு இருபது எழுத்து. அதுக்கு மேல ரகசிய நம்பர். அதுக்கும் மேல என் கட்டைவிரல் ரேகை!"

"உள்ள அப்படி என்ன புதையல் அச்சாயா? ரப்பர் மரத்தைக் கட்டிப்புடிச்சு நீங்க எடுத்த போட்டோதானே?"

"கேலி பண்ணாதடி. தினமும் அத்தனையும் அடிக்க முடியுமா? போன்ல விரலை வச்சா நேராத் திறந்துடும். என் விரல் இல்லாம ஈ எறும்பு நுழையாது."

"அப்ப விரல் இருந்தாப் போதுமா?" என்று மனைவி சாதாரணமாகத்தான் கேட்டாள். புருஷனுக்கு உறைத்தால்தானே!

குரியாச்சனுக்கு மாமியார் வீடு என்றால் வேப்பங்காய். சோசாம்மாவின் ஊர்த் தேவாலயப் பெருநாள் நெருங்கினால் வருஷம் தவறாமல் முதுகுவலி வந்துவிடும். பெருநாள் முடிந்த மறுநாள் தானாகப் போய்விடும். அவ்வளவு தெய்வபக்தியுள்ள வலி. சோசாம்மா பாவம், தனியாகவே போய்வருவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மரவள்ளிக்கிழங்கும் மாட்டுக்கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டு, கை கழுவக்கூடச் சோம்பல்பட்டு நாற்காலியில் சாய்ந்தவர், விழித்ததும் இடது கையால் போனை எடுத்து, அரைத்தூக்கத்தில் வலது கட்டைவிரலை வைத்துத் திறந்தார். அலறினார்.

அவர் கணக்கில் அவர் எழுதியதாக ஒன்று கிடந்தது. "இந்தப் பெருநாளுக்கு மனைவியின் ஊரில் ஒரு வாரம் தங்குகிறேன். என் மாமியார் வைக்கும் மீன்கறிக்கு இந்த உலகில் ஈடு உண்டா?"

கீழே ஊர்ப்பட்ட பாராட்டு. பங்குத்தந்தைகூட ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தார்.

"சோசாம்மா! திருடன் புகுந்துட்டான்!"

"ஐயையோ! எதைக் கொண்டுபோனான்?"

"எதையும் எடுக்கலடி. என்னை உங்க வீட்டுக்கு அனுப்பிட்டான்!"

உடனே எழுதினார். "அதை எழுதியது நான் அல்ல. பெருநாளுக்கு நான் வரமாட்டேன். எனக்கு முதுகுவலி."

மச்சினன் தொம்மிச்சன் சீறிப் பாய்ந்தான். "எல்லாரும் உஷார்! எங்க அளியன், அதான் என் அக்கா புருஷன், கணக்கை இப்பத்தான் எவனோ திருடியிருக்கான். அம்மா மீன்கறியைப் புகழ்ந்த தங்கமான மனுஷன் இப்படிப் பேசுவாரா?"

அடுத்து வந்தார் அனுபவசாலி பைலி. "நம்பாதீங்க. நான் புகார் குடுத்துட்டேன்."

குரியாச்சன் மச்சினனுக்கே போன் போட்டார். "அடப்பாவி, குரலைக்கூட அளியன் மாதிரியே செஞ்சுட்டியா?" என்று அவன் வைத்துவிட்டான்.

தலையில் அடித்துக்கொள்ள வலது கையைத் தூக்கியவர் அப்படியே நின்றார். நாலு விரலில் மசாலா காய்ந்து ஒட்டியிருந்தது. கட்டைவிரல் மட்டும் சோப்பு மணத்தது.

"சோசாம்மா... என் விரலை யாரு கழுவினது?"

"நான்தான். குழம்போட வச்சா போன் திறக்க மாட்டேங்குது."

"அடிப்பாவி! இப்பவே எல்லாத்தையும் எழுதுறேன் பாரு!"

"தாராளமா எழுதுங்க. திருடன் எழுதுறதை யாரு நம்புவா? தம்பி என்ன போட்டிருக்கான் பாருங்க: 'நீ நிஜமான அளியன்னா நேர்ல வந்து சொல்லு.'"

மானம் பெரிதல்லவா! பெருநாளுக்கு வரவே மாட்டேன் என்று நேரில் சொல்வதற்காக, குரியாச்சன் பெருநாளன்று காலையில் மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றார்.