டிராமநாதன் போட்ட ஒப்பந்தப்புள்ளி

காரைக்குடியில் டிராம் ஓடியதே இல்லை என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் டிராமநாதனைத் தெரியாது. தண்டவாளம் இல்லை, வண்டி இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் கண்டக்டர் இருந்தார் ஐயா!

பெற்றவர்கள் வைத்த பெயர் ராமநாதன். ரங்கூனில் ஒரு வட்டிக்கடைப் பெட்டியடியில் கணக்கு எழுதப் போனவர், அங்கே டிராமைப் பார்த்துச் சொக்கிப்போனார். மற்றவர்கள் பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்தார்கள். இவர் பத்து வருஷம் கழித்து ஒரு பித்தளை மணியோடு வந்து இறங்கினார்.

மாட்டு வண்டியில் ஏறினால் வண்டிக்காரன் தடத்தை விட்டு ஒரு சாண் விலகக் கூடாது. எதிரே வண்டி வந்தால்? "அவன் ஒதுங்கட்டும்யா! டிராம் எங்கயாச்சும் ஒதுங்குமா?" என்பார். தேவகோட்டைச் சாலைப் புளியமரங்களில் 'இங்கே நிற்கும்' என்று பலகை அடித்துவைத்தார். சந்தைக்குப் போகிற சனங்கள் மூட்டையோடு அங்கே காத்துக் கிடந்து, அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு நடந்தார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் ஏறிக்கொண்டிருக்கும்போதே இவர் 'டிங் டிங்' என்று அடிக்க, குதிரை கிளம்பிவிட்டது. மாப்பிள்ளையின் ஒரு கால் இன்னும் தரையில் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் டிராம் போட்டு நடத்தத் தனி ஆட்களையும் பங்கு சேர்ந்து தொழில் செய்யும் கூட்டுகளையும் கேட்டு ஜில்லா போர்டு ஆபீஸில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுதியவன் அங்கே குமாஸ்தாவாக இருந்த அடியேன். சும்மா 'டெண்டர்' என்று எழுதித் தொலைத்திருக்கலாம். தமிழ் அபிமானம் விடவில்லை. 'ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன. தகுதியுள்ள புள்ளிகளே ஏற்கப்படும்' என்று போட்டேன்.

எங்கள் நகரத்தார் வழக்கத்தில் புள்ளி என்றால் கல்யாணம் ஆனவன். தாலி கட்டிய பிறகுதான் கோயில் கணக்கில் ஒருவன் ஒரு புள்ளி. கட்டாதவன் நரைத்துப்போனாலும் கணக்கில் வரமாட்டான்.

மறுநாளே டிராமநாதன் வந்து நின்றார். மணி கையில் இருந்தது, சத்தம் இல்லை.

"ஏங்க, தகுதியுள்ள புள்ளின்னு போட்டிருக்கீகளே... நான் புள்ளியே இல்லையே. அப்ப நான் போட முடியாதா?"

முப்பத்தைந்து வயது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வார்த்தையில் நான் விளக்கியிருக்கலாம். ஆனால் சித்தப்பா மகள் சிட்டாள் நினைவுக்கு வந்தாள். சீர் செய்ய வழியில்லாமல் இருபத்திரண்டு வயதாகியும் கல்யாணமாகாமல் வீட்டில் இருந்தாள். பாவி, வாயைத் திறந்து புளுகினேன்.

"முடியாதுங்க. கெடுவுக்கு இருபது நாள் இருக்கு. அதுக்குள்ள கட்டிக்கிட்டு வாங்க."

"இருவது நாள்ல பொண்ணுக்கு எங்குட்டுப் போவேன்?"

"எங்க சித்தப்பா வீட்டுக்கு வாரீகளா?"

சீரும் கேட்கவில்லை, சாமானும் கேட்கவில்லை. பதினெட்டாம் நாள் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முன் சிட்டாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த நோட்டீசை நானும் படிச்சேன். அது கலியாணப் புள்ளி இல்லைன்னு எனக்குத் தெரியும். மனசு ஒடஞ்சிருவாக. அவுககிட்டச் சொல்லிறாதீக."

கெடு நாளில் மூன்று உறைகள் வந்தன. சென்னைக் கூட்டு ஒன்று, ரங்கூன் கூட்டு ஒன்று. இரண்டும் தலையணை கனம். மூன்றாவதில் ஒரே ஒரு தாள்: 'கூட்டாளிகள்: நானும் எங்கள் ஆச்சியும். தாய்வீட்டிலிருந்து திரும்பும் பெண்கள் அழுது முடிக்கும்வரை வண்டி புறப்படாது.' ஆச்சி என்றால் எங்கள் பக்கம் மனைவி. போர்டு தலைவர் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி மைக்கூட்டில் விழுந்தது.

பிறகு மோட்டார் பஸ் வந்தது. சென்னைக் கூட்டு பின்வாங்கியது. ரங்கூன் கூட்டில் பங்காளிச் சண்டை. டிராம் அதோடு போயிற்று.

பொய் மட்டும் என் நெஞ்சில் முள்ளாக இருந்தது. ஐந்தாறு வருஷம் கழித்து, அவர் வீட்டு முகப்பில் உட்கார்ந்து காப்பி குடித்தபோது, சிட்டாள் கேட்டுக்கொண்டதையும் மீறி உண்மையைக் கொட்டிவிட்டேன். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் ஒண்டியாவே போட்டிருக்கலாமா மச்சான்?"

"போட்டிருக்கலாம்."

உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆச்சிகிட்டச் சொல்லிறாதீக. தன்னாலதான் நான் புள்ளி ஆனேன்னு சந்தோசமா இருக்கா. அது அப்படியே இருக்கட்டும்."

அடுக்களையிலிருந்து பித்தளை மணி 'டிங் டிங்' என்றது. சாப்பாடு தயார் என்று அர்த்தம். மனிதர் மேல்துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார்.

அந்த மூன்று கூட்டில் கடைசிவரை கலையாமல் இருந்தது அவரும் ஆச்சியும் சேர்ந்த கூட்டு ஒன்றுதான். மற்றவருக்கும் உண்மை தெரியும் என்று நான் இருவரிடமும் சொல்லவில்லை.