கண் மருந்து அட்டவணை, நான்காம் பதிப்பு

பிஸ்கட் பாக்கெட்டிலிருந்து பேருந்தின் முதுகுவரை உன் கைவண்ணம் படாத இடமே இல்லை என்று நான் ஊரெல்லாம் அளந்து வைத்திருக்கும் என் அக்கா மகளுக்கு, உன்னுடைய ஒரே தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அத்தையின் இடது கண் நலம். வலது கண்ணைப் பற்றி மட்டும் நாலு மணிவரை எதுவும் சொல்வதற்கில்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். கண் ஆபரேஷன் ஆன நாளிலிருந்து உன் அத்தைக்குப் பார்வையில் குறைந்ததெல்லாம் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சமையலறையில் நான் சர்க்கரை டப்பாவைத் திறக்கலாமா என்று யோசித்தாலே, "ஒரு ஸ்பூன்தான்" என்று படுக்கையறையிலிருந்து உத்தரவு வருகிறது. அதனால் அவள் மதியம் கண்ணயர்ந்திருக்கும் இந்த நேரத்தில், சாப்பாட்டு மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, பேனா உரசுகிற சத்தம்கூடக் கேட்காமல் எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். கட்டைவிரலால் தட்டி அனுப்பலாமென்றால், நான் தட்டி முடிப்பதற்குள் அவளுக்கு அடுத்த கண்ணிலும் ஆபரேஷன் முடிந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். வரத்தான் பயமாக இருக்கிறது. இன்று மதியம் இரண்டு மணிக்கு உன் அத்தையின் கண்ணில் மருந்தை மாற்றி விட்டுவிட்டேன். இதற்கு நீயும் உடந்தை.

ஆதியிலிருந்து சொல்கிறேன், கேள். திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்பும்போது சிவப்பு மூடி, பச்சை மூடி, வெள்ளை மூடி என்று மூன்று சொட்டு மருந்துப் புட்டிகளும், எதை எப்போது விடுவது என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். நர்ஸம்மா உன் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாயாலும் ஒருமுறை சொன்னார். நான் அதைக் கேட்கவில்லை, தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மையில் விழுந்த எறும்பு ஒன்று எழுந்து வீட்டுக்கு நடந்துபோனது போல எழுத்து. முப்பத்து நான்கு வருடம் உதிரிபாகக் கிடங்கைக் காத்தவன் நான், லட்சத்துச் சொச்சம் பெட்டிகளுக்கு என் கையால் பெயர்ச்சீட்டு ஒட்டியவன். என் சீட்டைப் பார்த்தால் நட்டும் போல்ட்டும் தாமாகவே எழுந்து அவரவர் பெட்டியில் போய் உட்காரும் என்று மேலதிகாரியே சொன்னதாக நான் சொல்லிவருகிறேன். அப்பேர்ப்பட்டவன் கட்டின மனைவியின் கண்ணை ஒரு எறும்பை நம்பி விட்டுவிடுவேனா? விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இங்கே ஒரு சிக்கலையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சொட்டு விட நான் குனிந்தால் என் கண்ணாடி நழுவி அவள் மூக்கில் விழுகிறது, ஆகவே அதைக் கழற்றிவிடுவேன். அவளோ ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு நாள் முழுக்க இருக்கிறாள். மருந்து நேரத்தில் இந்த வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரைக் கண் தேறினால் அதிகம். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். என்ன மருந்து என்று அவள் சொல்லுவாள், அந்த நிற மூடியைத் தேடி எடுத்து நான் விடுவேன். அவள் படுத்தபடி பார்த்துச் சொல்லத்தான் கட்டிலுக்கு எதிரே பீரோக் கதவில் அட்டவணை.

முதல் பதிப்பு செவ்வாய்க்கிழமை வெளியானது. கம்ப்யூட்டரில் பதினோரு விதமான எழுத்து இருந்தது. எதையும் மனம் நோகச் செய்யக்கூடாதென்று பதினொன்றையும் அழைத்து உட்காரவைத்தேன். தலைப்புக்கு நிழல், நிழலுக்கு ஒரு நிழல், நாலு மூலையிலும் ரோஜாப்பூ, நடுவில் இமை கொட்டாமல் முறைக்கிற ஒற்றைக் கண். பிரிண்ட் கடைக்காரர் அதைக் கையில் எடுத்துவிட்டு, "எத்தனை ஆயிரம் காப்பி சார்?" என்று கேட்டார். ஒன்றே ஒன்று என்றதும் அவர் முகம் விழுந்துபோனது. பீரோவில் ஒட்டினேன். உன் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது வருட இல்லறத்தில் என் வேலையைப் பார்த்து அவள் வாயடைத்துப் போனது அதுவே முதல் தடவை. அந்தப் பூரிப்பில்தான் உனக்குப் படம் அனுப்பினேன். நீ என்ன பதில் போட்டாய்? "மாமா, அத்தைக்கு ஆபரேஷனா, இல்ல ஊருக்கு சர்க்கஸ் வந்திருக்கா?"

சரி, டிசைன் படித்த பிள்ளை சொல்கிறது என்று பொறுத்துக்கொண்டேன். எழுத்து ரெண்டு வகைக்கு மேல வேண்டாம் மாமா என்றாய். ஒன்பது பேரைக் கண்ணீரோடு வழியனுப்பி வைத்தேன். எது முக்கியமோ அதைப் பெரிசா போடுங்க என்றாய். எது முக்கியம் என்று உட்கார்ந்து யோசித்தால், தலைப்பு முக்கியம், டாக்டர் பேர் முக்கியம், நேரம் முக்கியம், மருந்து முக்கியம், கீழே 'ஆக்கம்: மாமா' என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். எல்லாவற்றையும் பெரிதாக்கினேன். புதன்கிழமை இரண்டாம் பதிப்பைப் பார்த்துவிட்டு, "எல்லாருமே கத்தினா யாரு பேச்சு மாமா காதுல விழும்?" என்றாய். ஞாயம்தான். நம் வீட்டுக் கூட்டங்களில் நான் அறுபது வருடமாக அனுபவித்துவருகிற உண்மை அது. நேரத்தையும் மருந்தையும் மட்டும் பெரிதாக வைத்து மற்றதையெல்லாம் சுண்டைக்காயாக்கினேன், என் பேர் உட்பட.

அடுத்து, காலி இடம் விடுங்க என்றாய். அம்மா, கிடங்கில் காலி அலமாரி இருந்தால் எங்களுக்கு மெமோ வரும். என் ரத்தத்தில் காலி இடம் என்பதே கிடையாது. ஆனாலும் விட்டேன். எப்படி விட்டேன் தெரியுமா, நேரத்தை இடது ஓரத்திலும் மருந்தை வலது ஓரத்திலும் நிறுத்தி நடுவிலே ஒரு பாலைவனத்தையே விட்டேன். இரண்டு மணியிலிருந்து புறப்பட்ட பார்வை தண்ணீர் தாகத்தில் வழி தவறி ஆறு மணியின் மருந்தில் போய் விழுந்தது. போதாததற்கு, இளமஞ்சள் எழுத்து மென்மையாக இருக்கிறதே என்று வெள்ளைத் தாளில் இளமஞ்சளில் அடித்திருந்தேன். "மாமா, வெறும் தாளை அனுப்பிட்டீங்க" என்றாய். அது மூன்றாம் பதிப்பு, வியாழக்கிழமை. வெளுத்த தாளுக்குக் கறுத்த எழுத்து, சேர்ந்து இருக்க வேண்டியதைச் சேர்த்து வைங்க, எல்லாம் ஒரே கோட்டுல ஆரம்பிக்கட்டும், மூடி என்ன கலரோ அதே கலர்ல ஒரு வட்டம் போதும் என்று அன்றைக்கு நீ அடுக்கிய நாலு வாக்கியத்தையும் வேதமாக எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை நான்காம் பதிப்பு பீரோவில் ஏறியது. என்ன சொல்ல. தலைப்பு ஒரு வரி. அளவுகோல் வைத்தாற்போல ஓரம். நேரத்தின் தோளோடு தோளாக மருந்து. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த சிவப்பு வட்டங்களை அணிவகுப்பில் நிறுத்துவது போல மேலே ஒன்றாகச் சேர்த்து, அதன் கீழே பச்சை, கடைசியில் வெள்ளை. "கண்ணுல ஒத்திக்கலாம் மாமா" என்று நீயே பாராட்டுப் பத்திரம் கொடுத்தாய். உலகத்தில் இதுவரை எழுதப்பட்ட அட்டவணைகள் எல்லாம் இதற்கு ஒத்திகைதான் என்று எனக்கே தோன்றியது.

மதியம் இரண்டு மணி. கண்ணாடியைக் கழற்றினேன். "என்ன மருந்து?" என்றேன். பீரோப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "பச்சை" என்றாள். பச்சையை எடுத்து, அவள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு சொட்டு விட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் படைப்பை ஒருமுறை ரசிக்கலாமென்று நிமிர்ந்தால், இரண்டு மணிக்கு நேரே சிவப்பு வட்டம்.

புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பச்சையேதான். அப்போதுதான் உறைத்தது. கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சிவப்பென்ன, பச்சையென்ன, எல்லாம் ஒரே இருட்டுத்தானே. மூடி நிறத்தில் வட்டம் போடச் சொன்ன நீயும் அதை நினைக்கவில்லை, போட்ட நானும் நினைக்கவில்லை. படிக்கிறவர் கண்ணில் என்ன மாட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறம் போடு என்று உங்கள் படிப்பில் ஒரு பாடம் இல்லையா?

பால்கனியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மதிய இடைவேளை, நாலு மணிக்கு அழைக்கவும் என்று பதிவு செய்த குரல் சொன்னது. வலி, சிவப்பு, பார்வை மங்கல் இருந்தால் மட்டும் அவசரப் பிரிவை அழைக்கச் சொன்னது. வந்து மெதுவாக, "கண்ணு எப்படி இருக்கு?" என்றேன். "இருக்கு" என்றாள். "வலிக்குதா?" என்றேன். "நீங்க பேசாம இருந்தா வலிக்காது" என்றாள். இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதா, கெட்ட செய்தியாகவா?

உண்மையைச் சொல்லி எழுப்பலாமென்றால் நாக்கு எழவில்லை. ஆறு மாதமாக நான்தான் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டுகிறேன், அங்கங்கே என் சரக்கையும் கலந்து. "கண்ணு வரட்டும், நீங்க விட்ட கதையையெல்லாம் நானே படிச்சுப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுத்தாள். அவள் படித்துப் பார்க்கட்டும், ஒவ்வொரு பொய்யையும் கண்டுபிடிக்கட்டும், என்னை நாலு பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்கட்டும். அந்தக் கண்ணில் போய் என் கையால் மருந்தை மாற்றி விட்டிருக்கிறேனே. இப்போது சுவர்க் கடிகாரம் மூன்று ஐம்பத்தைந்து என்கிறது. அதன் முள்ளும் என்னைப் போலவே நகரப் பயப்படுகிறது.

நாலு மணிக்கு நான் என்ன செய்தி சொன்னாலும் நீ அழாதே. நீயும் உன் வீட்டுக்காரரும் தொண்ணூற்றொன்பது வயது வரை ஊசியில் நூல் கோக்கிற கண்ணோடு வாழ்ந்து, நூறாவது வயதில் என்னை மன்னிக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் தாய்மாமன்.

பின்குறிப்பு: நாலு மணிக்குப் பேசினேன். நர்ஸம்மா கோப்பைப் புரட்டி நிதானமாக வாசித்தார்: "காலையில சிவப்பு, ரெண்டு மணிக்குப் பச்சை, ஆறு மணிக்குச் சிவப்பு, படுக்கும்போது வெள்ளை. பச்சைதானே விட்டீங்க? சரியாத்தானே இருக்கு, ஏன் சார் உங்க குரல் நடுங்குது?" சேர்ந்து இருக்க வேண்டியதைச் சேர்த்து வை என்றாய் அல்லவா? நேரத்தை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு நான் சிவப்பையும் சிவப்பையும் சேர்த்ததில் மதியத்து மருந்து மாலைக்கு இறங்கிவிட்டது. ஓரம் நேராக இருக்கிறதா என்று நூறு தடவை பார்த்த நானும், கண்ணில் ஒத்திக்கொண்ட நீயும் அதைப் படித்துப் பார்க்கவே இல்லை. திரும்பினால் உன் அத்தை எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். சார்ட்டிலே சிவப்புன்னு இருக்கும்போது நீ எப்படிப் பச்சைன்னு சொன்னே என்று கேட்டேன். "நர்ஸம்மா சொன்னது நினைவிருக்கு, சொன்னேன். எந்தச் சார்ட்டு?" என்றாள். பீரோவைக் காட்டினேன். "அதுவா? துண்டைக் காயப் போட்டிருக்கீங்கன்னுல்ல நினைச்சேன். நாலு நாளா ஈரம் காயலையா அது?"